சதையியும் கிரியற்றினினும்: ஒரே வேரில் கிளைத்த மருத்துவச் சொற்கள்

(வவுனியாவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கிரியற்றினின் எத்தனை?" என்ற கேள்வியை வவுனியா மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் இன்று சந்தைக்குப் போகிற வழியிலும் கேட்கலாம். 1990களில் மதவாச்சி, பதவியாப் பக்கங்களில் வைத்தியர்களின் கவனத்துக்கு வந்த சிறுநீரக நோய் ஒன்று உண்டு. அதன் காரணம் இன்னும் உறுதியாகப் பிடிபடவில்லை. அந்த நோய் இந்த மாவட்டத்திலும் தெரியவந்த பிறகு, குருதிப் பரிசோதனைத் துண்டில் மட்டும் இருந்த அந்தச் சொல் ஊர்ப் பேச்சுக்குள் இறங்கிவிட்டது. கிளினிக் கொப்பியோடு வரிசையில் இருக்கும் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். எண் ஏறினால் கெடுதி, இறங்கினால் ஆறுதல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் விசாரிப்போம். 1832 இல் பிரான்ஸ் நாட்டு இரசாயனவியலாளர் செவ்ரோல் இறைச்சியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். இறைச்சிக்கும் சதைக்கும் கிரேக்கத்தில் கிரெயாஸ் என்று பெயர். அதை வைத்து அப்பொருளுக்குக் கிரியற்றின் என்று பெயரிட்டார். அதிலிருந்து உண்டாகும் கழிவு கிரியற்றினின். நம் தசைகளிலிருந்து அது ஓயாமல் குருதிக்குள் வந்துகொண்டிருக்கிறது. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்ற வேண்டும். வடிகட்டி பழுதானால் குருதியில் அதன் அளவு ஏறும். வேரைப் பார்த்தால் கிரியற்றினின் என்பது 'சதையிலிருந்து வந்தது' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

அதே கிரெயாஸ் இன்னோர் இடத்திலும் இருக்கிறது: பாங்கிரியாஸ். பான் என்றால் முழுதும். எலும்போ குருத்தோ இல்லாமல் முழுதும் சதையாக இருக்கும் உறுப்பு என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் அதற்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது கணையம். நம் இலங்கைப் பாடநூல்களில் அது என்ன? சதையி. இந்த மண்டபத்தில் இருக்கும் உயிரியல் மாணவர் ஒவ்வொருவரும் அச்சொல்லை நூறு தடவையாவது எழுதியிருப்பீர்கள். அதற்குள் சதை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் சதை என்று யாராவது சொல்லித் தந்தார்களா? சொல்லித் தந்திருந்தால், பல்கலைக்கழகத்தில் முதல் வாரத்தில் பாங்கிரியாஸ், கிரியற்றினின் என்ற இரண்டும் பலகையில் விழும்போது அவற்றை அறிமுகமான முகங்களாகப் பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். வன்னியிலிருந்து தமிழில் விஞ்ஞானம் படித்துவிட்டு, யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் விவசாய, பொறியியல் பீடங்களுக்கோ, 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக நடக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போகிற பிள்ளை, தன் முன் நிற்கும் சுவர் ஆங்கிலம் என்று நினைக்கிறது. அந்தச் சுவரின் பெரும்பகுதி ஆங்கிலமே இல்லை, கிரேக்கமும் இலத்தீனும். இலண்டனில் பிறந்த பிள்ளைக்கும் நெப்ரைற்றிஸ் என்பது முதல் நாளில் புரியாத சொல்தான். நம் பிள்ளையிடம் அந்தப் பிள்ளையிடம் இல்லாத ஒரு முதல் உண்டு: அந்த வேர்களின் பொருளை ஏற்கெனவே தமிழில் படித்திருக்கிறது. நம் கலைச்சொற்களை ஆக்கியவர்கள் வேரைப் பார்த்து ஆக்கினார்கள். வேரைச் சொல்லாமல் சொல்லை மட்டும் நாம் கடத்திக்கொண்டு வந்திருக்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு இதயத்துக்குக் குருதி கொடுக்கும் நாடிகளைப் பார்ப்போம். பாடநூலில் அவை முடியுரு நாடிகள். முடி என்றதும் தலைமயிரை நினைத்துக் குழம்பாத மாணவர் குறைவு. இங்கே முடி என்பது மகுடம். இதயத்தின் மேல் ஒரு மகுடம்போலச் சுற்றி இருப்பதால் இலத்தீனில் அவற்றுக்குக் கொறோனாவின் பெயர், ஆங்கிலத்தில் கொறோனரி. 2020 இல் உலகத்தை வீட்டுக்குள் அடைத்த வைரசின் பெயரும் அதே மகுடந்தான், நுணுக்குக்காட்டியில் அதன் விளிம்பைச் சுற்றித் தெரிந்த முட்களால் வந்தது. சத்திரசிகிச்சைக்கூட மொழியும் ஊரடங்குக் கால மொழியும் ஒரே வேரில் நிற்பதை ஒரு தமிழ்ச்சொல் காட்டித் தந்திருக்கலாம். காட்டவில்லை.

இனி, உங்களுக்கு மிகவும் பிடிக்காத சொற்களுக்கு வருகிறேன். அனுசேபம், உட்சேபம், அவசேபம். மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்துவிடுகிற சொற்கள். ஆங்கிலத்தில் மெற்றபொலிசம், அனபொலிசம், கற்றபொலிசம். மூன்றிலும் இருக்கும் 'போல்' கிரேக்கத்தின் பல்லெய்ன், பொருள் எறிதல். மெற்றா என்ற முன்னொட்டு மாற்றத்தைக் குறிக்கும். அனா என்றால் மேலே, கற்றா என்றால் கீழே. சிறு மூலக்கூறுகளை மேலே எடுத்துக் கட்டுவது ஒன்று. பெரியவற்றைக் கீழே உடைத்துப் போடுவது மற்றது. தமிழில் உள்ள சேபம், வடமொழிக் க்ஷேபம். அதன் பொருளும் எறிதல். உத் மேலே, அவ கீழே. ஒட்டுக்கு ஒட்டு, வேருக்கு வேர் பொருந்தி வருகிறது. இதைச் செய்தவர் எவராயினும் அவர் கிரேக்கமும் அறிந்திருந்தார், வைசேடிகமும் அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றும். வைசேடிகத் தத்துவத்தில் கன்மம், அதாவது இயக்கம், ஐந்து வகை. அவற்றில் முதலிரண்டும் உத்க்ஷேபணம், அவக்ஷேபணம்: மேலெறிதல், கீழெறிதல். தருக்க நூல் படித்த பழைய ஈழத்துப் பண்டிதர்களுக்கு இது பாலபாடம்.

எறிதல் என்ற வேரை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு அது எங்கும் தலைகாட்டும். குருதிக்குழாயில் அடைப்பாக வந்து விழுவது எம்பொலிசம். எறிந்த கல்லின் பாதை பரபோலா, நமக்குப் பரவளைவு. முன்னால் எறியப்பட்டது புறொப்ளம். வடமொழிப் பக்கத்தில், ஒருவர் பேச்சின் மேல் எறியப்படுவது ஆட்சேபம். அனுசேபத்தைக் கண்டு அஞ்சும் மாணவர் ஆட்சேபத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. கூட்டங்களில் தாராளமாகவே தெரிவிக்கிறார்.

தமிழ்நாட்டார் இதே பொருளுக்கு வளர்சிதை மாற்றம் என்கிறார்கள். அது தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்டவுடனே விளங்கும். வளர்தலும் சிதைதலும் இரண்டும் உள்ளே இருக்கின்றன. நேர்மையாகச் சொன்னால், ஏழாம் தர வகுப்புக்கு நான் அதையே தேர்வேன். ஆனால் அனுசேபத்தை எடுத்தெறிய நான் உடன்படமாட்டேன். கிரேக்கச் சொல்லோடு அச்சுக்கு அச்சாகப் பொருந்தும் சொல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு படிக்கட்டு. படிக்கட்டை இருட்டில் வைத்துவிட்டு, பிள்ளை இடறுகிறது என்று குறை சொல்வதே நம் வழக்கம்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? 1847 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் அதைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவர் மாணவர்களும் ஆக்கிய நூல்களின் பெயர்களைக் கேளுங்கள்: இரண வைத்தியம், 1867. மனுஷ அங்காதிபாதம், 1872. வைத்தியாகரம், அதே ஆண்டு. கெமிஸ்தம், 1875. ஒன்றில் நம் வைத்தியர் வாயில் அன்று வழங்கிய சொல். ஒன்றில் வடமொழித் தொடர். கடைசியில் ஆங்கிலச் சொல்லுக்கு ஓர் 'அம்' விகுதி போட்டுத் தமிழாக்கிய துணிச்சல். அவருக்குப் பின் அந்தத் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. தன் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கும்படி கேட்டுக்கொண்ட மனிதர் அவர்.

அடுத்தவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1936 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் கலைச்சொற்றொகுதி 1938 இல் வந்தது. விஞ்ஞானமும் படித்தவர், இலக்கியமும் படித்தவர், வடமொழியும் அறிந்தவர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தது நல்வாய்ப்பு. பின்பு 1950களிலிருந்து இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகத் தொகுதிகளை வெளியிட்டது. ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் எல்லாம் அந்த மரபு. கிரந்த எழுத்துத் தொடாமல், தமிழ் ஒலிமரபுக்குள் பிறசொல்லை அடக்குவது அதன் நெறி. தமிழ்நாட்டு நண்பர்கள் காபனீரொட்சைட்டு என்ற சொல்லைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காபன் இலத்தீன், கரி. ஈர் தமிழ், இரண்டு. ஒட்சைட்டில் இருப்பது கிரேக்கம், கூர்ப்பு அல்லது புளிப்பு. மூன்று செம்மொழிகள் ஒரே மூச்சில் வரும் சொல் வேறெங்கே கிடைக்கும்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கிரேக்கமும் வடமொழியும் எப்படி இவ்வளவு சுலபமாகப் பொருந்துகின்றன? 1786 இல் கல்கத்தாவில் வில்லியம் யோன்ஸ் சொன்னது பலருக்குத் தெரியும்: சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்றார். தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. 1816 இல் எல்லிசும் 1856 இல் கால்டுவெல்லும் அதை நிறுவினார்கள். ஆனால் தமிழ் அந்தக் குடும்பத்தோடு ஈராயிரம் ஆண்டாக அயல்வீட்டுப் புழக்கம் வைத்திருக்கிறது. அதனால் நம் நாவில் ஏறிய வடசொற்கள் பலவற்றுக்கு ஐரோப்பிய மருத்துவ மொழியில் உடன்பிறந்தார் உண்டு. இருதயமும் கார்டியாவும் ஒரே வேர். மரணமும் மோர்ச்சரியில் உள்ள மோர்சும் ஒரே வேர். சீவனும், பயோலஜியில் உள்ள பியோசும் அப்படியே. நம் சித்த வைத்தியர்கள் சொல்லும் மதுமேகம், மேகநோய் என்பவற்றில் உள்ள மேகம் வானத்து மேகமன்று. சிறுநீரைக் குறிக்கும் மேஹம். இலத்தீனில் அதன் உடன்பிறப்பு மிக்ச்சரிஷன், சிறுநீர் கழித்தலுக்கு இன்றும் வைத்தியர் எழுதும் சொல்.

இன்னொன்று, விவசாயிகளுக்காக. யூரியா. பரந்தனிலும் முழங்காவிலிலும் அது பசளை. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது அந்தச் சொல்லைச் சொல்லாத வாய் வன்னியில் இல்லை. அதே சொல் பிளட் யூரியா என்று வைத்தியசாலைத் துண்டிலும் வருகிறது. இரண்டும் ஒரே பொருள்தான். 1828 இல் வோலர் ஆய்வுகூடத்தில் அதை ஆக்கிக் காட்டியபோது, உயிருள்ள உடலால்தான் அதை உண்டாக்க முடியும் என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டது. வேர், சிறுநீரைக் குறிக்கும் கிரேக்க ஊரொன். அந்த ஊரொனையும், மழையைக் குறிக்கும் வடமொழி வர்ஷத்தையும் ஒரே வேரில் வைப்பர் மொழிநூலார். ஒரு மழைக்காலத்திலிருந்து மறு மழைக்காலம் வரை எண்ணி நாம் வருஷம் என்கிறோமே, அந்த வர்ஷம்தான். மாரி மழையை நம்பிக் காலபோகம் விதைக்கும் கமக்காரருக்கு யூரியாவும் வருஷமும் உறவு என்பதில் வியப்பொன்றும் இராது.

வேர் என்ற சொல்லைப் பற்றியே ஒன்று. வடமொழி இலக்கணத்தார் சொல்லின் வேரைத் தாது என்பர். உடலைத் தாங்கும் ஏழு பொருள்களும் சித்த வைத்தியத்தில் தாது. மண்ணிலிருந்து எடுக்கும் கனிமமும் தாது. பௌத்தரின் திருவெச்சமும் தாது. அதை உள்ளே வைத்த கட்டடம் தாதுகர்ப்பம், சிங்களத்தில் தாகபை. எல்லாவற்றுக்கும் அடியில் 'வைத்தல்' என்ற பொருளுள்ள தா என்ற வினை. கிரேக்கத்தில் அதன் உடன்பிறப்புத் தீசிஸ். சேர்த்து வைத்தால் சிந்தசிஸ், நமக்குத் தொகுப்பு. ஒளித்தொகுப்பில் வருவது அதுதான். கீழே வைத்தால் ஹைப்பொதசிஸ், கருதுகோள். கூட வைத்தால் புறொஸ்தசிஸ்: போர் முடிந்தபின் நம் மாவட்டங்களில் எத்தனையோ பேர் பூட்டிக் கழற்றும் செயற்கைக் கால். தாது என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் நாம் அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் சொல்கிறோம்.

சிங்கள மாணவர்களும் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். அவர்கள் பாடநூலில் ஒளித்தொகுப்பு, ப்ரபாசங்ஸ்லேஷணய. ப்ரபா ஒளி, சங்ஸ்லேஷணம் ஒட்டிச் சேர்த்தல். போட்டோசிந்தசிஸ் என்ற அதே அச்சில் வார்த்தது. அந்த ஸ்லேஷம் நமக்குப் புதிதா? இரண்டு பொருளை ஒரே சொல்லில் ஒட்டி வைத்தால் சிலேடை. தொண்டையில் ஒட்டிக்கொண்டு வருவது சிலேட்டுமம். காளமேகப் புலவரின் சிலேடையும் கபமும் ஒரே வேரில் வருவதைக் கம்பன் விழா மேடைகளில் யாரும் சொல்லாமல் விட்டது நல்லதுதான்.

இப்போது ஓர் எச்சரிக்கை. வேர்ப்பொருள் உண்மைப் பொருளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒட்சிசன் என்றால் புளிப்பை, அதாவது அமிலத்தை, உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று இலவோசியர் நம்பி வைத்த பெயர். உப்பிலிருந்து கிடைக்கும் ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் கிடையாது என்பதை 1810 இல் டேவி காட்டினார். ஜெர்மானியர் அந்தப் பெயரை வேரோடு மொழிபெயர்த்தார்கள். பிழையும் கூடவே குடிபெயர்ந்தது. நாம் ஒலிபெயர்த்ததால் தப்பினோம். மலேரியா என்பது இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. குளங்களும் காடும் சூழ்ந்த வன்னியைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய நோய்க்கு, சதுப்பு நிலத்துக் காற்றில் பழியைப் போட்ட பெயர் அது. நுளம்பு பிடிபட்ட பிறகும் பெயர் மாறவில்லை. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போய்விட்டது, தப்பான பெயர் இருக்கிறது.

சில இடங்களில் ஊர்ச்சொல் வேரை முந்திக்கொண்டு போகும். வயல் சேற்றில் இறங்கியவருக்கு வரும் லெப்டோஸ்பைரோசிஸ், மெல்லிய சுருள் என்ற கிரேக்கம். கிருமியின் உருவத்தைச் சொல்கிறது. வயலுக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை. எலிக்காய்ச்சல் என்ற பெயர் எங்கிருந்து நோய் வருகிறது என்று சொல்லி அவரைக் காப்பாற்றுகிறது. நாய்க்கடியால் வருவதைப் பாடநூல் நீர்வெறுப்பு என்கிறது. கிரேக்க ஹைட்றொபோபியாவின் நேர் அச்சு. ஊரார் விசர் என்கிறார்கள். இலத்தீனில் றேபீஸ் என்றாலும் விசர்தான். நம் சனங்கள் இலத்தீனைப் பார்த்து மொழிபெயர்க்கவில்லை. நாயைப் பார்த்துச் சொன்னார்கள், உரோமரும் அதையே பார்த்திருந்தார்கள்.

ஆசிரியர்களிடம் என் கோரிக்கை சிறிது. புதிய சொல் ஒன்றும் ஆக்க வேண்டாம். இருக்கிற தமிழ்ச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது பக்கத்தில் வேரையும் ஒரு வரியில் எழுதுங்கள், தமிழ் எழுத்திலேயே. சிறுநீரகத்துக்கு இலத்தீனில் றென், கிரேக்கத்தில் நெப்றோஸ். ஒரே உறுப்புக்கு றீனல் என்றும் நெப்றோலஜி என்றும் இரண்டு பெயர் ஏன் என்று தடுமாறும் பிள்ளைக்கு அந்த வரி போதும். நெப்றோனைப் பாடநூல் சிறுநீரகத்தி என்கிறது; அந்தச் சொல்லின் அழகை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அழற்சி என்று எழுதினால், அழல் என்றால் தீ, இன்பிளமேசனில் உள்ள இலத்தீனும் தீ, 'ஐற்றிஸ்' என்று முடியும் நோய்ப் பெயர் எதுவும் பெரும்பாலும் இதுதான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டு எதையாவது அச்சிட எண்ணினால், என் படத்தோடு இந்த உரையை அச்சிடுவதை விட, உயர்தர உயிரியல் பாடநூலில் உள்ள சொற்களின் வேர்களை அலகு வாரியாகத் தரும் ஒரு சிறு கைநூலை அச்சிட்டு முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ப் பாடசாலைகளுக்குக் கொடுக்கலாம்.

அப்படிப் படித்த ஒரு பிள்ளை மருத்துவ பீடத்தில் பெரிகார்டைற்றிஸ் என்ற சொல்லை முதன்முதலாகச் சந்திக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஐற்றிஸ் அழற்சி. கார்டியா இருதயம். பெரி? அதை அவள் மருத்துவத்துக்கு வருவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் கணித வகுப்பிலேயே படித்துவிட்டாள். சதுரத்தின் நான்கு பக்கங்களையும் கூட்டச் சொன்ன ஆசிரியர் அதற்குச் சொன்ன பெயர் சுற்றளவு. ஆங்கிலத்தில் பெரிமீற்றர்: பெரி சுற்று, மெற்றொன் அளவு.